கிளெம்மின் கோப்பை

போர்ட் அடிலெய்டில், கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது எங்கள் பட்டறை. எந்த இயந்திரம் வெளியே போவதானாலும் ஃபிட்டர் கிளெம் தன் பச்சைக் கோப்பையில் விளிம்புவரை டீ ஊற்றி, இயந்திரத்தின் நகரும் தட்டில் வைப்பார். தட்டு ஒரு மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும், புரோகிராம் எழுதியவர் அந்த வாரம் முழுக்க எல்லார் கோப்பையையும் கழுவ வேண்டும்.

1994இல் எனக்கு முதல் இயந்திரம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கானது. ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக ஊசிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தும். அதுவரை நான் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தவள்.

"இதுல சொதப்பினே, மறுபடி வயர் மேசைதான், கோரல்," என்றார் முதலாளி. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

தட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் அடியடியாகச் சுற்றும். வெடுக்கென்று கிளப்பினால் அடி தவறும். தவறியது அதற்கே தெரியாது. மெல்லக் கிளப்பி, வேகமெடுத்து, மெல்ல நிறுத்த வேண்டும். மூன்று வாரம் அதை எழுதி எழுதி அழித்தேன். மூன்று வாரமும் கோப்பை கழுவினேன்.

"நிறைகுடம் தளும்பாதும்பாங்க. நீ ஓட்டினா தளும்புதே, தாயே!"

"யோவ் கிளெம், வாயை மூடிக்கிட்டு இன்னொரு தடவை ஊத்துய்யா!"

ஒரு செவ்வாய்க்கிழமை, டீ சிந்தாமல் போய் வந்தது. கிளெம் அதை எடுத்துக் குடித்தார். "ஆறிப்போச்சு. ஆனா பிரமாதம்!"

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார். கோப்பை இருந்த இடத்தில் குழாய்களை அடுக்கி ஓட்டினேன். பாதி வழியில் தட்டு கடகடவென்று நடுங்கியது. ஊசி பக்கத்துக் குழாயில் இறங்கியது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேரில்! மடச்சி, மூன்று வாரமும் நான் கோப்பையின் கனத்துக்குத்தான் மோட்டாரைப் பழக்கியிருக்கிறேன்; குழாய்கள் அதைவிட லேசு.

முதலாளி வாய் திறக்குமுன் கிளெம் எழுந்தார். கையிலிருந்த டீயை மடமடவென்று குடித்தார். தன் மீன்பிடிப் பெட்டியிலிருந்து தூண்டில் ஈயக்குண்டுகளை அள்ளிக் கோப்பையில் போட்டு, தட்டின் ஓரத்தில் பட்டை போட்டு இறுக்கினார்.

"இப்ப ஓட்டு."

நூறு குழாய். ஒன்றுகூடத் தவறவில்லை.

"முறையா ஒரு எடைக்கட்டி செஞ்சு போட்டுடறோம்," என்றார் முதலாளி.

"எதுக்கு? இதுவே இருக்கட்டுமே," என்றார் அந்த அம்மா.

கோப்பை அப்படியே இயந்திரத்தோடு போய்விட்டது. நான் வயர் மேசைக்குத் திரும்பவில்லை. "உன்னால பேப்பர் கப்புல குடிக்கிறேன், தாயே," என்று கிளெம் ஒரு வருடம் புலம்பினார்.

அவர் போய் ஆறு வருடமாகிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து, புரோகிராமில் என் பேரைப் பார்த்து, ஒரு பெண் போன் செய்தாள். அந்த இயந்திரத்தில் இப்போது மாணவர்கள் பழகுகிறார்களாம்.

"ஒரு பழைய கோப்பையைக் கழட்டிட்டோம். அதுலேர்ந்து நடுங்குது, மேடம்."

"குண்டெல்லாம் இருக்கா? உள்ள போட்டு, எடுத்த இடத்துலயே மாட்டும்மா."

"சரி. உள்ள பூரா டீக்கறை. கழுவிட்டு மாட்டவா?"

"வேண்டாம்மா," என்றேன்.