வெள்ளிவிழாப் பூசையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு

சோபியாவுக்குக் காலையிலிருந்து நிலைகொள்ளவில்லை. பட்டுப்புடவையைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி அதையே கட்டினாள். சாயங்காலம் சூரமங்கலம் கோயிலில் அவர்களுடைய கல்யாண வெள்ளிவிழாப் பூசை. மோதிரம் மாற்றி, வாக்குறுதியைப் புதுப்பித்ததும் அவள் பாட வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் கணவர் வின்சென்ட். வினையே அதுதான்.

அவள் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு நடத்துகிறாள். எண்ணூறு வருடப் பழைய பாட்டு ஒன்றை வகுப்புக்காக வீட்டில் பாடிப் பார்த்தாள். வின்சென்ட் காதில் விழுந்தது. பிரெஞ்சு, பழசு, இழுத்துப் பாடும் ராகம்; வேறென்ன வேண்டும்? இந்தக் கோயில் பங்கு மக்களுக்குப் பிரெஞ்சு என்றாலே கோயில் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார்கள்தான். மாதா பாட்டு என்று அவரே முடிவுகட்டி, அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்.

அதுவோ, வாயைத் திறக்கவிடாத புருஷனை ஒருத்தி கரித்துக்கொட்டும் பாட்டு. அந்தக் காலத்தில் இப்படி நிறைய உண்டு. பாதிக்கு மேல் ஆண்கள் எழுதியது என்பார்கள். யார் எழுதினால் என்ன, பாடுகிறபோது குரல் அவளுடையதுதானே.

சொல்லிவிடலாமென்று போனாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்டு..."

"கீபோர்டுக்காரன்கிட்ட எல்லாஞ் சொல்லியாச்சு. நீ கெளம்பு."

கெட்ட மனிதரில்லை. குடியில்லை, அடியில்லை. அவளுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார், அவ்வளவுதான். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்றுகூட அவர்தான் சொல்வார். போன மாதம் புதுச்சேரிக் கல்லூரியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோது போனை வாங்கி, "அவங்களுக்கு விருப்பமில்லீங்க" என்று வைத்துவிட்டார்.

கோயிலில் பாடினாள். புருஷனைத் திட்டும் வரியில் குரல் தானாக ஓங்கியது. முன்வரிசையில் நாத்தனார் அந்தோணிமேரி கைகூப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோபியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பங்குச் சாமியார் உருகிப்போனார். "அருமைம்மா. இதுக்கு என்ன அர்த்தம்?"

"மாதாவுக்கு நன்றி சொல்றதுங்க ஃபாதர்." மைக்கை வாங்க வின்சென்ட் கையை நீட்டினார். "குடும்பத்த நல்லா வெச்சதுக்கு..."

சோபியா மைக்கைக் கொடுக்கவில்லை.

"இல்லீங்க ஃபாதர். இது மாதா பாட்டில்ல. புருஷன் பேசவுடாத ஒரு பொம்பள, அவனப் பத்திப் பாடுனது." கடைசி வரிசைவரை கேட்டது. "புதுச்சேரி வேலைக்குப் போக எனக்கு விருப்பந்தாங்க. அதையும் இங்கயே சொல்லிக்கறேன்."

வின்சென்ட் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.