மூன்று தொட்டித் துண்டுகள்

1

மார்ச் 9, சனி. ஒரு சின்னத் தவறு: சோதனைக்கு வைத்த மூன்று துண்டுகளின் பக்கத்தில் ‘கழுவ வேண்டாம்’ என்று ஒரு சீட்டு வைக்க இதை எழுதுகிறவள் மறந்துவிட்டாள். இந்தக் கதை பிறந்தது அந்த மறதியில்தான்.

(‘இதை எழுதுகிறவள்’ என்று சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. மாலை வகுப்பு ஆசிரியை இவளது நாட்குறிப்பைப் புரட்டிவிட்டு, “உன் ‘நான்’ ரொம்பப் பேசுது. அதை ஒரு மூலையில உக்கார வச்சுட்டுக் கதையா எழுதிப் பாரேன்” என்றார். உட்கார வைத்தாயிற்று. அது சும்மா இருக்குமா என்பது வேறு விஷயம்.)

2

முதல் தொடக்கம்: ‘அந்தச் சமையலறையில் காலம் உறைந்து—’

வேண்டாம். உறைந்திருந்தது எண்ணெய்ப் பிசுக்கு.

இரண்டாம் தொடக்கம்: ‘அப்பா ஒரு தையற்காரர்.’

இது நிற்கும். முன்னறையில் அவருடைய தையல் எந்திரம். வீட்டில் அம்மா சமைப்பாள், அப்பா பாத்திரம் கழுவுவார், இவள் சாப்பிடுவாள். கழுவும் தொட்டி பழைய சிமென்ட். மேற்பரப்பு பொரிந்து, கறை உள்ளே இறங்கிவிட்டது. அப்பா தூளைக் கொட்டிக் கம்பி நாரால் தேய் தேய் என்று தேய்ப்பார். தொட்டி வெளுக்கவில்லை, விரல் நுனிகள் வெடித்தன. போன வாரம் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் ரத்தப் பொட்டு. சட்டைக்காரர் தைக்கக் கொண்டுவந்த மற்றத் துணிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“தூளையும் நாரையும் விடலைன்னா, ஊசி பிடிக்கிறத விட வேண்டியிருக்கும்” என்றார் தோல் மருத்துவர்.

அதனால் புதுத் தொட்டி. தேய்க்கவே தேவையில்லாத தொட்டி. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அதற்குள் எது என்று சொல்லியாக வேண்டும்.

3

கடையிலிருந்து மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தாள்: எஃகு, வெள்ளைப் பீங்கான், கல்தூளும் பிசினும் கலந்து வார்த்த கறுப்புப் பலகை. மூன்றின் மேலும் தேயிலைச் சக்கை, மஞ்சள், எண்ணெய் எல்லாம் ஒரே அளவாகப் பூசி* வைத்துவிட்டுப் படுத்தாள்.

* அளவு கரண்டியால். சிரிக்காதீர்கள்.

காலையில் மூன்றும் பளபளவென்றிருந்தன. ‘மூன்றும் தேர்ச்சி!’ என்று எழுதியும்விட்டாள். பிறகுதான் எஃகில் சன்னமான கீறல்களைப் பார்த்தாள். பிறகு, அப்பாவின் ஆள்காட்டி விரலில் புதிதாகச் சுற்றிய துணியை.

“அப்பா, இதையெல்லாம் கழுவினீங்களா?”

“பின்னே? அழுக்கா கிடந்துச்சு.”

“அது அழுக்காத்தான் கிடக்கணும்! சோதனைப்பா!”

“ஒரு பொருள் அழுக்கா கிடக்கிறதப் பாத்துட்டு நான் சும்மா போகணுமா? சோதனை எனக்கா, அதுக்கா?”

“சரி, எது சுலபமா போச்சு? அதையாவது சொல்லுங்க.”

“எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் தேச்சேன்.”

4

இங்கே இவளுக்கு அப்பாவின் மேல் சந்தேகம். கோபமில்லை, எழுதுகிறவர்களுக்கு வரும் சந்தேகம். விரலை நம்பிப் பிழைக்கும் ஒருவர் விரலை இப்படிப் பாழாக்குவாரா? படிக்கிறவர் நம்புவாரா? ‘சின்ன வயதில் அவரை யாரோ—’

(விட்டுவிட்டாள். காரணம் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது அப்பா இல்லை.)

தெரிந்ததை எழுதலாம். எஃகில் கறை இறங்காது, சோப்புத் தண்ணீர் போதும், பாத்திரம் விழுந்தாலும் உடையாது. ஆனால் தண்ணீர்த் துளி காய்ந்த தடம் தெரியும். தெரிந்தால் அப்பா தேய்ப்பார். பீங்கானைத் துடைத்தாலே போதும், கனமான சட்டி விழுந்தால்தான் சில்லுப் பெயரும். ஆனால் வெள்ளையில் ஒரு தேயிலைத் துணுக்கு கூடக் கண்ணில் படும், தேய்ப்பார். கறுப்பில் எதுவும் தெரியாது. தெரியாமல் ஏதாவது இருக்குமோ என்று தேய்ப்பார்.

5

முடிவு அ: எஃகுத் தொட்டி வருகிறது. அப்பாவின் கை ஆறுகிறது. (கடைக்காரர் எழுதிய முடிவு மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: கறுப்புத் தொட்டி வருகிறது. அப்பா அதன் முன் குனிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு—

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான்டி இருக்கு, விஞ்ஞானி. மூணு தொட்டி வருது, உங்கப்பா வராரு. நீ எங்க நிக்கிற இதுல?”

“நான் எழுதுறேன்மா.”

“அது தெரியுது. எழுதுற கை நல்லாத்தானே இருக்கு?”

6

முடிவு இ எழுதப்படவில்லை. சாப்பாடு முடிந்ததும் இவள் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். அப்பா வந்தார். ஒரு டம்ளரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். மறு கை நாரைத் தேடிப் போனது. இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா. ஓரத்துல கொஞ்சம் பிசுக்கு.”

“எங்கன்னு காட்டுங்க. நான் எடுக்குறேன்.”

துணி சுற்றிய விரலால் காட்டினார். இவள் தேய்த்தாள்.

“இன்னும்.”

தேய்த்தாள்.

“ம்.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசிக் கரண்டி வரை பக்கத்திலேயே நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதை எழுத இவளுக்கு இன்னும் கை வரவில்லை.

இது முடிவில்லை. நாளைக்கும் அந்தக் கைகள் பின்னால் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கொத்தனாருக்கு எந்தத் தொட்டியைச் சொல்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மூன்றின் குணமும் உங்களுக்குத் தெரியும், அப்பாவின் குணமும் தெரியும்.

நாளை, ஞாயிறு: காலைப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். அப்பா பின்னால் நிற்பார். நிற்கட்டும்.