சனிக்கிழமை போட்ட கையெழுத்து

அழகம்மைக்கும் எலெனுக்கும் பதினான்கு வயது. இருவரும் பள்ளியின் கால்பந்து அணியில் இருந்தார்கள், எலென்தான் கேப்டன். பதினாறு வயது ஆகாதவர்கள் வண்டி ஓட்டினால் அணியில் இடமில்லை என்பது பள்ளியின் விதி. அப்படியிருந்தும் ஒரு வியாழக்கிழமை மாலை எலென் அண்ணனுடைய பேட்டரி சைக்கிளை எடுத்து வந்தாள். தாவோ தியென் மெட்ரோ நிலையத்தருகே அவள் சட்டென்று திருப்பியபோது, பின்னால் இருந்த அழகம்மையின் வலது கால் சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது.

மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டார்கள். அழகம்மை கண் விழிப்பதற்குள் எலென் எல்லோரிடமும் கதையை மாற்றிச் சொல்லியிருந்தாள். ஓட்டியது அழகம்மையாம்.

"நான் பின்னாடிதான் இருந்தேன், அப்பச்சி" என்றாள் அழகம்மை.

அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பா முருகப்பன் நம்பவில்லை. எலெனின் அப்பா ஆந்துவானின் மிளகு ஏற்றுமதி நிறுவனத்தில்தான் அவருக்கு வேலை. அந்தப் பிள்ளை எதற்குப் பொய் சொல்லப்போகிறது என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டர் ஹான் வந்தார். கணுக்காலில் வளரும் எலும்பின் ஓரம் பெயர்ந்து விலகியிருக்கிறது என்றார். தோல் கன்றி வீங்கியிருந்ததால் நீளமாகக் கீறித் திறக்க வேண்டாம். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வெளியிலிருந்தே எலும்பை அழுத்திச் சேர்த்து, இரண்டு சின்னத் துளைகள் வழியாகத் திருகாணி போட்டுவிடலாம். பிறகு குதிகாலில் இருந்த மூன்று கோடுகளைக் காட்டி, இவை சக்கரக் கம்பிகளின் தடம், பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இப்படிப் படும் என்று போகிறபோக்கில் சொன்னார். அழகம்மையின் அம்மா ராக்கம்மை கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சம்மதப் படிவத்தில் குனிந்திருந்தார்.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த அழகம்மைக்கு நிம்மதியாக இருந்தது. எப்படியோ உண்மை தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளை அணியிலிருந்து நீக்கியிருந்தார்கள். வண்டி ஓட்டியது தன் மகள்தான் என்று அப்பா எழுதிக் கொடுத்த கடிதமும் அதோடு இருந்தது. கையெழுத்தின் கீழே சனிக்கிழமைத் தேதி. டாக்டர் சொன்னதற்கு மறுநாள்.

அவள் போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"ஆந்துவான் சார் கேட்டாரு, ஆத்தா. எலென் கேப்டன். உன்னால எப்படியும் இந்த சீசன் ஆட முடியாதுல்ல. யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு நெனச்சேன்."

"எனக்கு?"



அங்கேயே நின்றிருந்த ராக்கம்மை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வாடகை பைக்கில் ஏறி நேரே பள்ளிக்குப் போனாள். இரண்டு நாளில் தண்டனை எலெனுக்கு மாறியது. ஆந்துவான் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். முருகப்பனின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதம் தர மறுத்திருந்தாலும் ஆகியிருக்காது என்பது அழகம்மைக்கு இன்னும் கசந்தது. எலென் அனுப்பிய நீண்ட செய்தியைப் பாதிவரை படித்து அழித்தாள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. வலிக்கிறதா என்று அப்பா கேட்டார். இல்லை என்றாள். வலித்தது. அதற்கு முன்பெல்லாம் பல்வலி என்றால்கூட முதலில் அவரிடம்தான் ஓடுவாள்.