அப்பா எழுதிவைத்த அறிவித்தல்

கமலினி ‘ஒய்’ விசையை அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. மூன்று சதவீதம், நான்கு. வைரஸ் கழுவப்படுகிறது என்று நினைத்தாள். அப்பா இறந்து ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது.

இரத்தினசிங்கம் தன் மரண அறிவித்தலைத் தானே எழுதிக் கொம்பியூட்டரில் வைத்திருந்தார். மற்றவர்கள் எழுதினால் முறை பிழைத்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “ஒரு சொல்லும் மாத்தாதை. கொண்ணன் சிவமணியை எப்பிடிப் போடவேணுமோ அப்பிடிப் போட்டிருக்கிறன்,” என்றார். அதற்குமேல் கமலினி கேட்கவில்லை.

அண்ணன் சிவமணியை எண்பத்தாறில் ஊர்ச் சந்தியில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா மூன்று மாதம் முகாம் முகாமாக அலைந்தார். ஒருநாள் வந்தவர் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார்; பிறகு தேடிப் போகவேயில்லை. என்ன அறிந்தார் என்று, அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகும், ஒன்பது வருடமாக மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயர் வருகிற இடத்தில், சிவமணிக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா? அது அப்பாவுக்கும் அந்தப் பெட்டிக்கும்தான் தெரியும்.

காலையில் கொம்பியூட்டர் ஏதோ எச்சரிக்கை காட்டியது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கைமாறித் திரிகிற எழுத்துரு டிஸ்க்கில் வைரஸ் இருப்பதாகக் கதை. மல்கிரேவில் கொம்பியூட்டர் வேலை பார்க்கும் தேவராஜா, அப்பாவின் சிநேகிதர், “நான் வாறன் பிள்ளை, அதுவரைக்கும் ஒண்டிலும் கை வையாதை,” என்று போனில் சொன்னார். ஆனால் தமிழ் வானொலிக்கு நாலு மணிக்குள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கமலினி, தான் வேலை செய்யும் கந்தோரில் வைரஸ் கழுவக் கொடுத்த சுத்தமான டிஸ்க்கைப் போட்டு மெஷினை இயக்கினாள். உள்ளே ஒன்றுமே இல்லை என்றது. கந்தோர்த் தாளில் எழுதியிருந்ததை வரி வரியாகச் செய்துகொண்டே போய், கடைசியில் அந்த ‘ஒய்’யையும் அழுத்தினாள்.

தேவராஜா வந்து திரையைப் பார்த்தார். கதிரையில் இருக்கவும் இல்லை.

“அந்த டிஸ்க்கைப் போடாமல் பழையபடி இயக்கியிருந்தால் எல்லாம் வந்திருக்கும், பிள்ளை. இந்த வைரஸ், உள்ளுக்கை எது எங்கை இருக்கெண்ட விலாசத்தைத் தன்னட்டைப் பூட்டி வைச்சிருக்கும். அது இருக்குமட்டும் வழி தெரியும்.” பிறகு மெதுவாக, “போமற்றும் பண்ணி எல்லாத்தையும் துடைச்சுப்போட்டீரோ?”

“ஓம் அங்கிள்.”

“அப்பா பேப்பரிலை அடிச்சு வைச்சவரோ?”

“இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். கமலினிக்குத் தன் கையைத் தறித்து எறியவேண்டும் போலிருந்தது. அப்பா ஒன்பது வருடம் நெஞ்சில் சுமந்ததை ஒரு எழுத்தில் தொலைத்துவிட்டாள்.

அம்மா சந்திரவதனா குசினி வாசலில் நின்றாள்.

“என்னவாம்?”

“அழிஞ்சு போச்சம்மா. நான்தான் அழிச்சுப்போட்டன்.”

“சிவமணியைப் பற்றி எழுதினதுமோ?”

“எல்லாம்.”

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அவன் இருக்கிறான்,” என்றாள்.

அந்தக் குரலில் இருந்த ஆறுதலைக் கமலினியால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வானொலியிலிருந்து மகேந்திரராஜா போன் எடுத்தார். துக்கம் விசாரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறந்த ஊர், தாய் தகப்பன், மனைவி.

“பிள்ளையள்?”

“சிவமணி, கமலினி.”

“சிவமணி... குறை நினையாதையும் பிள்ளை, கேக்கத்தானே வேணும். காலஞ்சென்றவரோ?”

அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை,” என்றாள் கமலினி.

“நல்லது. பேருக்குப் பிறகு நாட்டையும் வாசிக்கிறது வழக்கம். கமலினி, அவுஸ்திரேலியா. சிவமணி எந்த நாடு?”

கமலினி வாயைத் திறந்தாள். அம்மா ஓரடி கிட்ட வந்தாள். மறுமுனையில் மகேந்திரராஜா தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.