நாற்பத்தெட்டாவது கையெழுத்து

சொந்த வீடு வைத்திருப்பவனை ஊர் ராஜா என்று சொல்லும். அந்த ராஜாவைத் தனியே கூப்பிட்டு, "உன் அரண்மனையில் எந்த மூலையில் ஒரு செங்கல்லை இஷ்டப்படி வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பான். பத்திரக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு முப்பத்திரண்டு வருஷம் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அவர். சொத்து என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால், "நாலு எல்லையும் நாப்பது தடையும்" என்பார், சிரித்துக்கொண்டே. இப்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவர் மனைவி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு ஊரை எட்டுத் தடவை சுற்றி வந்தவர். வீட்டில் உட்கார்ந்தால் கால் துருப்பிடித்துவிடும் என்று ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் கிளம்பி நாலு தெரு நடந்து, நின்றவர் போனவர் எல்லாரிடமும் வம்பளந்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் பதினொரு மாதத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். சமதரையில் வாக்கர் பிடித்து நடக்கலாம், ஆனால் படி என்கிற பேச்சே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீடோ மாடியில் இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தும் இடம், நாலு தூண், செருப்பு அலமாரி, தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான். மேலே வர பத்தொன்பது படிகள், நடுவில் ஒரு குறுகலான திருப்பம். படியோரம் ஏறி இறங்கும் நாற்காலி மாட்டுகிற கம்பெனிக்காரன் வந்து, திருப்பத்தை இரண்டு தடவை அளந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். முதல் மாதம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஆட்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திருப்பத்தில் முன்னால் போனவனுக்குக் கால் இடறியது. நாற்காலி சாய்ந்து, சுவரில் முட்டி நின்றதால் உயிர் பிழைத்தார். திரும்பவும் மேலே கொண்டுவந்து விட்டதும் அவர் சொன்னது இதுதான்:

"இனிமே என்னை எவனும் மூட்டை மாதிரி தூக்க வேணாம். நானா இறங்கறப்ப இறங்கிக்கறேன். அதுவரைக்கும் இங்கயே கிடக்கறேன்."

கிடந்தார். பால்கனியில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முதலில் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். போகப் போக அண்ணாந்து பார்த்துப் பேசுகிறவர்களுக்குக் கழுத்து வலித்ததோ என்னவோ, கூட்டம் குறைந்தது. பிறகு அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். திட்டினால் பத்திரக்காரர் தாங்கிக்கொள்வார், அழுதால்கூடத் தாங்கிக்கொள்வார். அந்த வாய் மூடிக் கிடந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

கீழே ஓர் அறையும் கழிவறையும் கட்டிவிடலாம் என்று நகராட்சி என்ஜினியரிடம் போனார். கீழ்த்தளத்தை வண்டிகளுக்காகத் திறந்தே விட வேண்டும், அந்த வட்டாரத்தில் யாருக்கானாலும் அதுதான் சட்டம், சுவர் எழுப்பினால் இடித்துவிடுவோம் என்றார் என்ஜினியர். சரி, வெளிப்பக்கமாக ஒரு சின்ன லிப்ட் வைக்கலாமா? முன்பக்கம் கூடாது. சாலையை அகலப்படுத்தப் பத்தடி எடுத்துக்கொள்வோம் என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் மதிலில் மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனவர்கள், எடுத்துக்கொள்ளவும் இல்லை, அழிக்கவும் இல்லை. வீட்டையே விற்றுவிடலாம் என்றால், வாங்க வந்தவர்களும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். பின்பக்கம் பொதுச் சாக்கடைக் குழாய் ஓடுகிறது, அதன்மேல் ஒரு தொட்டிகூட வைக்கக்கூடாது. இடப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடி, அதில் பூனைதான் நடக்கும். மிஞ்சியது வலப்பக்கம் ஆறடி. அங்கே லிப்ட் கச்சிதமாக உட்காரும்.

"நடக்க முடியாதவங்களுக்குச் சட்டத்துல விலக்கு இருக்கு சார்" என்றார் என்ஜினியர். நல்ல மனுஷன். "நான் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன். ஆனா உங்க கிரயப் பத்திரத்துல அந்த ஆறடியைக் காலியா விடணும்னு ஷரத்து இருக்கு பாருங்க. மாத்தணும்னா நாப்பத்தெட்டு மனைக்காரங்களும் சம்மதிக்கணுமாம். அதை வாங்கிட்டு வாங்க, மறுநாளே அனுமதி."

பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பத்திரக்காரருக்கே சொல்கிறார்கள், கேட்டீர்களா கூத்தை! அதை எழுதியதே அவர்தான். இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு முதலாளி அந்த இடத்தை வாங்கி நாற்பத்தெட்டு மனையாகப் பிரித்தபோது, நாற்பத்தெட்டுப் பத்திரத்தையும் எழுதினவர் இவர். அதில் ஒரு மனையை இவரே வாங்கினார். ஒரு மாடிக்கு மேல் கட்டக்கூடாது, வலப்பக்கம் ஆறடி காலியாக விட வேண்டும், கடை வைக்கக்கூடாது, வெளியாருக்கு வாடகைக்கு விடக்கூடாது. விட முடிந்திருந்தால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்கள் இருவரும் தரைத்தளத்தில் எங்காவது குடியேறியிருப்பார்கள். கடைசியில் ஒரு வரி: மேற்படி ஷரத்துகள் சந்திர சூரியர் உள்ளவரை வாரிசுகளையும் கட்டுப்படுத்தும், இவற்றை மாற்ற வேண்டுமானால் நாற்பத்தெட்டு மனைகளின் உரிமையாளர்களும் ஒருவர் விடாமல் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும்.

ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். வக்கீல் நாலு நாள் வைத்திருந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நானும் எத்தனையோ பத்திரம் பாத்திருக்கேன் சார். இதுல ஊசி நுழைய இடமில்ல. எழுதினவன் எமகாதகனா இருப்பான்."

வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, அதைக் கேட்டதும் பத்திரக்காரருக்கு ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. மறுகணம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு படியேறி இறங்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வீடாக. ஏழு வாரம். சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் நல்லவர்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் உட்காரச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒருவர் தன் நாயின் வயிற்றுக் கோளாறைப் பற்றி அரைமணி பேசிவிட்டுப் போட்டார். இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் மகளோடு கண்காணாத தேசத்தில் இருக்கிறார், அவருடைய கையெழுத்து கூரியரில் வந்தது. மூன்றாம் நம்பர் அம்மாள் மட்டும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏன் சார், இப்படியா எழுதி வைப்பீங்க? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் இதே கதிதானே?"

"முதலாளி சொன்னாரு, எழுதினேம்மா. எழுதற கைக்கு என்ன தெரியும்?" என்றார். எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னார். வீட்டிலும் இதையேதான் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வரும்போது பால்கனியிலிருந்து குரல் கேட்க ஆரம்பித்தது. "என்னங்க, இன்னும் எத்தனை ஸ்டாப்பிங்?"

"பதினாலு."

"சீக்கிரம் போங்க, போங்க. படியில நிக்காதீங்க!"

மனைவிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அதைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் இரண்டு வீடு கூடுதலாக ஏறினார். நாற்பத்தேழு ஆனது.

நாற்பத்தெட்டாவது வீட்டுக்காரர் ஓர் ஒண்டிக்கட்டை. பெண்டாட்டி பிள்ளை, அண்ணன் தம்பி, ஒட்டு உறவு எதுவும் கிடையாது. "ஒரு உயில் எழுதி வச்சிடுங்க சார்" என்று பத்திரக்காரரே பல தடவை சொல்லியிருக்கிறார். "யாருக்கு எழுதறது? உங்களுக்கா?" என்று அவர் சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார். உரிமை கொண்டாட ஆளில்லாத சொத்து அரசாங்கத்துக்குப் போகும் என்பது சட்டம். அரசுச் சொத்து அலுவலகத்திலிருந்து வந்து, பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, அறிவிப்புப் பலகை தொங்கவிட்டுப் போனார்கள். ஆக, அந்த மனையின் உரிமையாளர் இப்போது அரசாங்கம். அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

மனு கொடுத்தார். நினைவூட்டல் கொடுத்தார். டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். ஒன்பது தடவை நடந்தார். பத்தாவது தடவை அவர்களாகவே போன் செய்து, செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னார்கள். கூப்பிட்டு வரச் சொன்னால் வேறென்ன அர்த்தம்?

"இன்னைக்கு முடிஞ்சிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

அந்த அலுவலகத்தில் அதிகாரி ஒரு பெண். எரிந்து விழுகிறவள் அல்ல. அவரை உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர்கள் இவ்வளவு உபசாரம் செய்ய மாட்டார்கள்.

"ஐயா, அரசாங்கத்துக்கு வந்த சொத்தைப் பாதுகாக்கறதுதான் என் வேலை. அதுல இருக்கற ஒரு உரிமையை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல."

"யாருக்கு இருக்கும்மா?"

"மேல எழுதிக் கேட்டேன். அவங்களுக்கும் இல்லன்னு பதில் வந்திருக்கு. அந்த வீடு ஏலத்துக்கு வந்து, யாராவது வாங்கினா அவங்க போடலாம்."

"எப்ப ஏலம் வரும்?"

"நான் இந்த சீட்டுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல." அவள் குரல் இறங்கியது. "கோர்ட்டுக்குப் போகலாம். எவ்வளவு காலம் ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அம்மா, அது தெருக்கோடியில பூட்டிக் கிடக்கற வீடு. அங்கிருந்து பாத்தா எங்க வீடே தெரியாது. ஒரு லிப்ட் வச்சா அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒருத்தருக்கும் இல்ல." அவள் பத்திர நகலைப் புரட்டி, கடைசி வரியில் விரல் வைத்தாள். "எல்லாப் பத்திரத்துலயும் பெரும்பான்மைன்னு போடுவாங்க, முக்கால்வாசின்னு போடுவாங்க. அப்படி இருந்தா நீங்க இங்க வந்திருக்கவே வேணாம். நாப்பத்தேழு பேர் போட்டிருக்காங்களே! எந்த மகராசன் இதை எழுதினானோ, அவனைச் சொல்லணும்."

பத்திரக்காரர் ஃபைலைக் கட்டினார். நாடா முடிச்சு விழவில்லை, மூன்று தடவை கட்டினார். அந்த மகராசன் உங்கள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தார். பால்கனியில் ஆள் இல்லை. அதைப் பார்த்ததும் இன்னும் பயம் வந்தது. பத்தொன்பது படியையும் ஏறிக் கதவைத் தள்ளினார்.

மனைவி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, வெளியே போகும்போது கட்டுகிற சேலை கட்டி, காலில் செருப்புப் போட்டிருந்தார்.

"சிரிக்காதீங்க. வேலைக்காரம்மாவைக் கீழ இருந்து எடுத்துட்டு வரச் சொன்னேன். பதினொரு மாசம் வெறுங்கால்ல நடந்தாச்சு, செருப்புப் போட்டு நடக்கப் பழக வேணாமா? லிப்ட் வந்த அன்னிக்குத் தடுக்கி விழுந்தா ஊர் சிரிக்கும்." பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

"போட மாட்டாங்களாம். போடறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்லையாம்."

மனைவி, "அந்த முதலாளி நல்லா இருப்பானா? நாசமாப் போறவன்" என்றார். "மனையை வித்தோமா போனோமான்னு இல்லாம, ஒருத்தர் விடாம கையெழுத்து வேணும்னு எதுக்குக் கேட்டான்? அவனுக்கு அதுல என்ன கிடைச்சுது?"

இதற்கும் அவர் தலையாட்டியிருக்கலாம். ஏழு வாரமாக ஆட்டிய தலைதானே? முடியவில்லை. செருப்புப் போட்ட அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"அவர் கேக்கல" என்றார்.

"என்ன?"

"அவர் முக்கால்வாசி பேர் சம்மதம் போதும்னுதான் சொன்னாரு. அதுவும் பத்து வருஷத்துக்கு ஷரத்து இருந்தா போதும்னாரு. நான்தான் மாத்தினேன். சந்திர சூரியர் உள்ளவரைன்னு நான்தான் போட்டேன். ஒருவர் விடாமல்னு நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

எதுக்கு? அந்த மேஜை ஞாபகம் வந்தது. வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியதும், வாய்விட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்ததும், பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்து "அடேயப்பா" என்றதும் ஞாபகம் வந்தன.

"வாசிக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். கத்துவார் என்று பத்திரக்காரர் நினைத்தார். கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"இதைக் கழட்டுங்க" என்றார் அந்த அம்மாள், காலைக் காட்டி. "எனக்குக் குனிய முடியாது."

அவர் தரையில் உட்கார்ந்து, வீங்கியிருந்த காலில் இறுகிக் கிடந்த வாரை நெகிழ்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். அந்த வீட்டில் செருப்பு வைக்கிற இடம் கீழே இருந்தது.