ஆசிரியர் உதவிக் குழு

மூன்றாம் வகுப்பு இலக்கியா அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, வரிக்கு வரி விரலை நகர்த்தி, ரொம்ப அடக்கமாகப் படித்தாள்.

“டீச்சருக்குக் காது டமாரம். டீச்சர் மண்டையில எறா கொழம்பு. டீச்சர் வூட்டுப் பூனை எட்டு குட்டி போட்டுச்சி.”

அட்டையில் இருந்தது மயிலைப் பற்றிய நாலு வரி.

“நல்லா படிச்சடி என் ராசாத்தி,” என்றார் அமராவதி டீச்சர். “போ, அடுத்த அட்டைய எடு.”

பாயில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஜெயராணிக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஜெயராணி ஆசிரியர் பயிற்றுநர். சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, மினிபஸ் பிடித்துக் கொள்ளிடக்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போவாள். வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்து ஆசிரியர்களுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும், அதுதான் வேலை. ஆனால் வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குசுகுசுவென்று பேச்சு ஓடும், ஏதோ போலீஸ் வந்துவிட்ட மாதிரி.

செயல்வழிக் கற்றல் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியர் நின்றுகொண்டு நடத்துவதும், பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்துவதும் போயின. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கான அட்டையை எடுத்துப் படித்துக்காட்டி, சுவரில் தொங்கும் ஏணிப்படத்தில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். தானே படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஒரு அட்டைத் தட்டு, ஒரு பாய். அதற்குப் பெயர் ஆசிரியர் உதவிக் குழு. அமராவதி டீச்சர் வகுப்பில் அந்தப் பாய் காலியாகவே கிடந்தது. வட்டாரத்திலேயே ஏணியில் வேகமாக ஏறுகிற பிள்ளைகள் இவருடைய பிள்ளைகள்தான் என்று போன கூட்டத்தில் கைதட்டினார்கள். கடலூரிலிருந்து வரப்போகிற பார்வைக் குழுவுக்கு இந்தப் பள்ளியைத்தான் காட்டுவதென்று முடிவாகியிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெயராணி இலக்கியாவை நிறுத்தி அதே மயில் அட்டையைக் கொடுத்தாள்.

“இப்ப நெஜமா படி.”

இலக்கியா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது மயிலுங்க மிஸ். படம் போட்டிருக்கு.”

“படத்த வுடு. எழுத்து?”

“ம…” என்றாள். அதற்கு மேல் போகவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. “எனக்கு யாரும் சொல்லித் தரல மிஸ்.”

ஜெயராணி உள்ளே போனாள். டீச்சர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், உங்களுக்குக் காது…”

“ஆமாம்மா, சாதம் ஆயிடுச்சி. நீயும் ரெண்டு வாய் சாப்புட்டுப் போ.”

இன்னும் சத்தமாகச் சொன்னால் வெளியே முட்டை உரித்துக்கொண்டிருந்த சத்துணவு ஆயா சின்னம்மாளுக்குக் கேட்கும். காது கேட்காதவரிடம் ரகசியமாக ஒரு வார்த்தை பேச முடியாது என்பது ஜெயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, பிள்ளைகள் எழுதும் கீழ்மட்டப் பலகையில் குந்தி எழுதினாள்: உங்களுக்குக் காது கேட்கவில்லை.

டீச்சர் படித்தார். உள்ளங்கையாலேயே அழித்தார்.

“எவ சொன்னா?”

இலக்கியா படித்ததைக் கேட்டேன், என்று எழுதினாள்.

“என்னா படிச்சா?”

ஜெயராணியின் கை பலகையிலேயே நின்றது.

“நல்ல வார்த்தையா இருக்காது, இல்ல?” டீச்சர் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். “முன்னெல்லாம் அத்தன பிள்ளைங்களும் ஒண்ணா கத்தும். மேசையில கைய வச்சிருப்பேன், அதுரும். எவனாவது தப்பா சொன்னா அவன் வாயி மட்டும் தனியா போவும், கண்ணுல பட்ரும். புடிச்சிருவேன். இப்ப ஒவ்வொண்ணா கிட்ட வந்து, மூஞ்சிக்கு நேரா அட்டயப் புடிச்சிக்கிட்டுப் படிக்குது. வாயே தெரியலம்மா எனக்கு.”

காது மெஷின்? என்று எழுதினாள்.

“போட்டுப் பாக்காமயா இருப்பேன்? தட்டு வுழுற சத்தம், பாய் இழுக்குற சத்தம், மினிபஸ் ஆரன் எல்லாம் மண்டயில வந்து இடிக்குது. பிள்ள கொரலு மட்டும் வரமாட்டேங்குது.” ஜெயராணியை நிமிர்ந்து பார்த்து, “சொல்லிடப் போறியா?” என்றார்.

துணைக்கு ஒரு ஆசிரியர் கேட்கிறேன். உதவிக்கு.

டீச்சர் சிரித்துவிட்டார். “ஆசிரியருக்கு உதவின்னு ஒரு தட்டு வச்சிருக்காங்களா ஒங்க ஆபீசுல? வேணாம் ஜெயராணி. உதவின்னுதான் வருவாங்க. அப்புறம் மெடிக்கல் போர்டு முன்னால கொண்டுபோயி நிறுத்துவாங்க. ரெண்டு வருஷந்தான் இருக்கு எனக்கு. வூட்டுல நான் செவுட்டுக் கெழவி. மருமவ கதவச் சாத்திட்டுத்தான் பேசுறா, அதுகூட எதுக்குன்னு தெரியல. இங்க நான் டீச்சரு.”

“அப்ப இந்தப் பிள்ளைங்க?” எழுத மறந்து வாயாலேயே கேட்டுவிட்டாள் ஜெயராணி.

அந்த ஒன்று டீச்சருக்கு வாயசைவிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஏற்கனவே அழித்திருந்த பலகையை மறுபடி அழித்தார்.

சனிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் ஜெயராணி மேற்பார்வையாளர் பழனிவேல் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சார், அமராவதி டீச்சருக்குத் துணையா ஒருத்தர போடணும் சார்.”

“நல்லா ஓடுற வண்டிய எதுக்கும்மா தள்ளுற?”

“இல்லன்னா காலையில ஒரு மணி நேரம் பழைய மாதிரி சேந்து படிக்க வைக்கவாவது…”

“கோரஸா? குழு வர்ற நேரத்துலயா? ஒன் தலையும் உருளும், என் தலையும் உருளும். என்னா காரணம், அத சொல்லு மொதல்ல.”

ஜெயராணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். இலக்கியா ஜூனில் நாலாம் வகுப்பு. “ம” என்ற ஒற்றை எழுத்தோடு போவாள்.

“அவுங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். ஒத்தாசைக்கு ஆள் இருந்தா பிரமாதமா எடுப்பாங்க.”

பழனிவேல் பேனாவைக் கீழே வைத்தார். முகம் இளகியது. “அடப்பாவமே. மொதல்லயே சொல்றதுக்கு என்னா? பண்ணுவம்மா, கண்டிப்பா பண்ணுவம்.”

அன்று சாயங்காலம் கடலூருக்கு வீட்டுக்குப் போன ஜெயராணி அம்மா வைத்த மீன்குழம்பை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பழனிவேலே வந்துவிட்டார், பைக்கில். பள்ளி வாசலில் ஜெயராணியைப் பார்த்து, “உதவி பண்றதுன்னா எவ்ளோ மந்தம்னு தெரியணுமில்ல?” என்றார்.

அமராவதி டீச்சர் வாசலுக்கு முதுகு காட்டிப் பெரிய பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பழனிவேல் உள்ளே போய் நின்று, “அமராவதி டீச்சர்,” என்றார்.

சுண்ணாம்புக்கட்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பாயிலிருந்து இலக்கியா பாய்ந்தெழுந்து டீச்சரின் முந்தானையை ஒரு இழுப்பு இழுத்தாள். டீச்சர் திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பாக. “வாங்க சார், வணக்கம் சார்.”

“சூட்டிகையான பொண்ணு,” என்றார் பழனிவேல், ஜெயராணி பக்கம் திரும்பி. டீச்சரிடம் எழுதுங்கள் எழுதுங்கள் என்று கையைக் காட்டினார். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியதும் பிள்ளைகளிடம் சொன்னார்: “எல்லாரும் கைய கட்டுங்க. கண்ண மூடுங்க. எவனும் எந்திரிக்கக் கூடாது.”

பிள்ளைகள் மூடிக்கொண்டார்கள். இலக்கியாவும்.

“அமராவதி டீச்சர்!” சத்தமாகவே கூப்பிட்டார். வெளியே சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். எழுதும் கை நிற்கவில்லை.

“இப்ப நீ கூப்புடும்மா.”

“நான் எதுக்கு சார்?”

“பழகாத கொரலு, அதான் திரும்பலன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாரு. உதவி கேட்டது நீதான?”

பழைய தரை. காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்த அதிர்வு டீச்சர் பாதத்துக்குப் போய்விடும். ஜெயராணிக்கு அது தெரியும். தட்டினால் ஒன்றும் நடக்காதது போலப் போய்விடலாம். குழு வரும், கைதட்டும், இலக்கியா இன்னொரு படி ஏறுவாள், மயில் என்று படிக்கத் தெரியாமலே. ஜெயராணியின் கால் தரையிலேயே இருந்தது.

“அக்கா,” என்றாள். இதுவரை ஒரு நாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மயில் தோகை விரித்து ஆடும் என்று எழுதி, கடைசி எழுத்துக்குப் புள்ளியை நிதானமாக வைத்துவிட்டுத்தான் டீச்சர் திரும்பினார். கண்ணை மூடி, கை கட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பழனிவேலைப் பார்த்தார். அப்புறம் ஜெயராணியின் வாயைப் பார்த்தார். அது இன்னும் பாதி திறந்தே இருந்தது.

“நீயா கூப்ட்ட?”

ஜெயராணி தலையை ஆட்டினாள்.

வெளியே பழனிவேல் செல்போனில் பேசத் தொடங்கியிருந்தார். “ஆமா சார், நல்லவேள முன்னாடியே பாத்தம். குழுவுக்கு வேற ஸ்கூல் காட்டிடலாம். அந்தம்மாவ மெடிக்கலுக்கு எழுதிடுவம்… பிள்ளைங்களுக்கா? ஆளுக்கு எங்க சார் போறது? ஹெட்மாஸ்டரே எல்லாத்தையும் சேத்துப் பாத்துக்கட்டும்.”

அதில் ஒரு வார்த்தையும் டீச்சருக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மேசைமேல் இருந்த பையை எடுத்துக்கொண்டார். சுண்ணாம்புக்கட்டியை ஜெயராணியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“இந்தா. நீ படிக்க வையி. ஒனக்குத்தான் எல்லாம் கேக்குதே.”

கண்ணைத் திறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“தொறக்கலாமா டீச்சர்?” என்று கேட்டாள் இலக்கியா, இறுக்கி மூடிய கண்ணோடு.

அமராவதி டீச்சர் அதற்குள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராணி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர்,” என்றாள் இலக்கியா மறுபடி, இந்தத் தடவை நன்றாகக் கத்தி.