ராத்திரி ஷிப்டும் ஒரு புலியும்

ரொட்டித் தொழிற்சாலையின் ராத்திரி ஷிப்டு ஆட்கள், வேலை முடிந்த கையோடு, தலையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல், குடும்பத்தோடு வனவிலங்குக் காப்பகத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஒரு நாள் தூங்காவிட்டால் யாரும் செத்துவிட மாட்டீர்கள் என்று சொல்லி இதை ஏற்பாடு செய்த சூப்பர்வைசர்தான், பஸ் நகர்ந்ததும் முதல் குறட்டை விட்டார்.

மாவு பிசைகிறவன் மட்டும் தூங்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவன் மனைவி பகலில் பார்த்ததெல்லாம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைத்தான். அதனால் பந்தயம். இன்று அவன் கண் அசந்தால், சூப்பர்வைசரிடம் போய்ப் பகல் ஷிப்டு கேட்க வேண்டும். அசராமல் இருந்துவிட்டால் அவள் இனி ஷிப்டுப் பேச்சே எடுக்க மாட்டாள்.

கேட்பது என்றாலே அவனுக்குப் பயம். முன்பு கேட்ட ஒருவனுக்குச் சூப்பர்வைசர் 'பகல் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து, வேலையை விட்டு ஓடும்வரை அப்படியே கூப்பிட்டார்.

நின்றபடியே சமாளித்தான். காப்பக வேலிக்குள் நுழைந்ததும் டிரைவர் உட்காரச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் கதை முடிந்தது. துண்டைச் சுருட்டி மடியில் வைத்துப் பிசைய ஆரம்பித்தான். கை வேலை செய்தால் கண் மூடாது.

"ரொட்டி எப்போ வெந்து வரும்?" என்றாள் மனைவி.

மரத்தடியில் சிங்கங்கள் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கின. வெளியேயும் தூக்கம், உள்ளேயும் தூக்கம், யாருக்காக வண்டி ஓட்டுகிறேன் என்று டிரைவர் புலம்பினார். விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் சாப்பாடு கட்டியவள் அவன் மனைவி. அவளுக்கும் தலை சாய்ந்து அவன் தோளில் விழுந்தது.

அப்போதுதான் புலி வந்தது. பஸ்ஸை உரசி நின்று ஜன்னல் கம்பி வலை வழியாக அவனைப் பார்த்தது. அவளை எழுப்பக் கையைத் தூக்கியவன் நிறுத்திக்கொண்டான். அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. ராத்திரி அவன் வீட்டில் இருப்பதில்லை. பகலில் தூங்குகிறவன் அவன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. புலி ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் போனது.

எழுந்தவளிடம் புலி வந்து போனதைச் சொன்னான்.

"கனவு கண்டிருக்கீங்க. அப்போ தூங்கியிருக்கீங்க. தோத்தாச்சு."

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "நிஜந்தாம்மா. அந்நேரம் முழிச்சிருந்தது மூணே பேர்தான். நானு, அவரு, புலி."

அவள் முகம் தொங்கிப்போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் எழுந்து போய்ச் சூப்பர்வைசரின் தோளை உலுக்கினான்.

"அண்ணே, எனக்குப் பகல் ஷிப்டு வேணும்."

ஒரு கண் மட்டும் திறந்தது. "எடுத்துக்கிட்டுத் தொலை. ஆளைத் தூங்க விடுடா."

திரும்பி வந்தவனிடம், ஜெயித்துவிட்டு எதற்குக் கேட்டீர்கள் என்றாள். அவன் துண்டை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"முழிச்சதும் அவரு இல்லைன்னு சொல்லிட்டா?"

"மறுபடி கேட்கிறேன். பேருதானே வைப்பாரு, வைக்கட்டும்."

அடுத்த நிமிஷம் அவன் தூங்கிப்போனான். ஆனால் அவளுக்கு அவனைப் போல இரக்கமெல்லாம் கிடையாது. பாதையில் யானைகள் குறுக்கிட்டதும் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்து எழுப்பினாள்.